மதுரையில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு: சொத்து வரியைப் படிக்க, சரிபார்க்க, கட்ட, கேள்வி கேட்க

போன ஏப்ரலில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பி கையில் ஒரு தாளோடு வாசலில் வந்து நின்றார். "அண்ணே, வீடு வாங்குறப்ப வரி இவ்வளவுதான்னு சொன்னாங்க. இப்பப் பார்த்தா கூடியிருக்கு. யாரைப் போய்க் கேக்குறது?" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அவருடைய தாளையும் எங்கள் வீட்டுப் பழைய ரசீதுகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டு நேரமே வந்துவிட்டது. அன்றைக்கு அவரிடம் சொன்னதை, மதுரைக்கும் சொந்த வீட்டுக்கும் புதிதாக வந்திருக்கும் எல்லோருக்கும் ஆகட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது?

மனை விற்பவர்கள் எல்லா இடத்தையும் "மதுரை சிட்டி" என்றுதான் சொல்வார்கள். ஆனால் வரி போடுவது மாநகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்பதைப் பொறுத்துத் தொகை, அலுவலகம், மனு கொடுக்கும் இடம் எல்லாமே மாறும். 2011 வரை மதுரை மாநகராட்சியில் 72 வார்டுகள்தான் இருந்தன. அந்த ஆண்டு ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய மூன்று நகராட்சிகளையும், விளாங்குடி, திருநகர், ஆர்வீபட்டி ஆகிய மூன்று பேரூராட்சிகளையும், 11 ஊராட்சிகளையும் சேர்த்து 100 வார்டுகள் ஆக்கினார்கள். பரப்பளவு ஏறக்குறைய மூன்று மடங்கானது. அதனால்தான் இன்றைக்கும் ஆனையூர்ப் பக்கம் பெரியவர்கள் "முனிசிபாலிட்டியா இருந்தப்ப" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள்.

உங்கள் பத்திரத்தில் இருக்கும் கிராமத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அது வருவாய்த் துறை சொல்லும் பெயர். முந்தைய உரிமையாளர் கடைசியாகக் கட்டிய வரி ரசீதை வாங்கிப் பாருங்கள். அதன் தலைப்பில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் அலுவலகம். மாநகராட்சி என்றால் வார்டு எண்ணும் மண்டலமும் தெரிய வேண்டும். இப்போது ஐந்து மண்டலங்கள். தலைமை அலுவலகம் தல்லாகுளத்தில் உள்ள அறிஞர் அண்ணா மாளிகை. ஆனால் வரி சம்பந்தப்பட்ட பெரும்பாலான வேலை மண்டல அலுவலகத்திலேயே முடிந்துவிடும்.

ஊராட்சி எல்லை என்றால் அது "வீட்டு வரி". ஊராட்சி அலுவலகத்தில் கட்டலாம், இணையத்திலும் கட்டலாம். தொகை குறைவாக இருக்கும். பக்கத்து ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் அங்கே எதிர்ப்பு எழுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், நகர்ப்புறத்துக்குள் வந்துவிட்டால், நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் கிடையாது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் பெரிய அடி. வெளியில் இருந்து வந்து அங்கே மனை வாங்கியவர்கள், சாலையும் சாக்கடையும் வரட்டும் என்று இணைப்பை விரும்பலாம். அப்படி விரும்பும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

அடுத்து, வரி உங்கள் பெயருக்கு மாறியதா?

பத்திரம் பதிந்தால் வரியும் தானாக நம் பெயருக்கு வந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கு நாமே விண்ணப்பிக்க வேண்டும். பத்திர நகல், வில்லங்கச் சான்று, பாக்கி இல்லாத கடைசி வரி ரசீது, அடையாள அட்டை ஆகியவை அடிப்படை. வாரிசு வழியில் வந்த வீடு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேரும். குடிநீர் இணைப்பு, பாதாள சாக்கடை இணைப்பு இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு. அவற்றிலும் பெயரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், அறிவிப்பு எல்லாம் பழைய உரிமையாளரின் பெயருக்கே வரும். ஆட்சேபம் சொல்ல வேண்டிய கெடு நமக்குத் தெரியாமலே போய்விடும்.

வீடு வாங்கும்போது பழைய பாக்கியைக் கட்டாயம் பாருங்கள். வரிப் பாக்கி கட்டடத்தோடு ஒட்டியே வரும். விற்றவரைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை நமக்கு வேண்டாம். காலி மனை வாங்கினால் அதற்கும் காலிமனை வரி உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ரசீதைப் படிப்போம்

மேலே வரிவிதிப்பு எண் இருக்கும். இதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த மனுவுக்கும் இதுதான் அடிப்படை. அடுத்து அரையாண்டு. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை முதல் அரையாண்டு, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இரண்டாவது. ரசீதில் இருப்பது ஆண்டுக்கான தொகை என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. அது ஆறு மாதத்துக்கு உரியது.

சொத்து வரி என்று ஒரே தொகையாகக் கட்டினாலும் அதற்குள் பல பங்கு இருக்கிறது. பெரும் பகுதி பொதுச் செலவுக்குப் போகும். கல்விக்கு ஒரு பங்கு. நூலக வரி ஒரு பங்கு. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கு என்பது 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியே நடக்கும் ஏற்பாடு. உங்கள் தெருமுனைக் கிளை நூலகத்தில் வாரப் பத்திரிகை வாங்குவதில் உங்கள் காசும் இருக்கிறது. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலகத் துறைக்குக் கொடுக்காமல் நிலுவை வைக்கின்றன என்பது தமிழ்நாடு முழுக்க நெடுநாளாக உள்ள புகார். உங்கள் கிளை நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை என்றால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம், குப்பைக்கான சேவைக் கட்டணம் ஆகியவை சொத்து வரியில் சேராது. தனியாகக் கணக்கு வரும். "வரி கட்டியாச்சே, இது என்ன புதுசா?" என்று அதிர வேண்டாம். ஆனால் இணைப்பே கொடுக்காத வீட்டுக்குப் பாதாள சாக்கடைக் கட்டணம் வந்திருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

ஏன் ஏறியது?

தம்பி கேட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்னை தவிர்த்த மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகு பல ஆண்டுகள் பொதுச் சீராய்வு, அதாவது எல்லாக் கட்டடங்களுக்கும் வரியை மறுபடி கணக்கிடும் வேலை, நடக்கவே இல்லை. 2018-ல் ஏற்றினார்கள். எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியிருந்தவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பிறகு 2022 ஏப்ரலில், நகராட்சித் தேர்தல் முடிந்த கையோடு, பெரிய உயர்வு வந்தது. மதுரை போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்பு வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100 சதவீதம். தொழிற்சாலைகளுக்கும் தனியார் பள்ளி, கல்லூரிகளுக்கும் 75 சதவீதம்.

இதற்கு மாநில அரசு சொன்ன முக்கியக் காரணம், ஒன்றிய அரசின் வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் உயர வேண்டும், அப்போதுதான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய அரசின் மானியம் வரும். ஆக, வரியை ஏற்றும் தீர்மானம், கவுன்சிலர்கள் கூடும் நம் மாமன்றத்தில் நிறைவேறினாலும் அதற்கான நெருக்கடி சென்னையிலும் டெல்லியிலும் இருந்து வந்தது. கவுன்சிலரைத் திட்டுவதற்கு முன் இது தெரிந்திருப்பது நல்லது.

அதோடு முடியவில்லை. 2023-ல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி ஆண்டுதோறும் வரியைக் கூட்ட முடியும். 6 சதவீதம், அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அது. தம்பியின் வீடு 900 சதுர அடி. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, 2022-க்கு முன் அரையாண்டுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். 50 சதவீதம் கூடினால் 1,200. அதன் மேல் 6 சதவீதம் என்றால் 1,272. இன்னொரு தடவை 6 சதவீதம் என்றால் 1,348. வீட்டை விற்றவர் 1,200 கட்டிய பழைய ரசீதைக் காட்டி "இவ்வளவுதான் வரி" என்றிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ரசீதுதான் பழசு.

என் கருத்தைக் கேட்டால், பத்துப் பதினான்கு ஆண்டுகள் தொடாமல் விட்டுவிட்டு ஒரே அடியாக 50, 100 என்று ஏற்றியது மக்களுக்குச் செய்த கொடுமை. ஆண்டுக்குச் சிறிது சிறிதாக ஏற்றுவது அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு ஆண்டும், போன ஆண்டு வாங்கிய காசு எங்கே போனது என்று வார்டு வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பாதி மட்டும் நடப்பதில்லை.

சதுர அடியை வைத்துப் போடும் உயர்வில் இன்னொரு வலியும் இருக்கிறது. மாசி வீதிகளுக்கு உள்ளே சந்துகளில் நீளநீளமான பழைய வீடுகள் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அப்பத்தா அப்படி ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். பாதி அறைகள் பூட்டியே கிடக்கின்றன. வருமானம் என்று சொன்னால் கணவரின் குடும்ப ஓய்வூதியம் மட்டும்தான். வீடு 1,800 சதுர அடிக்கு மேல் என்பதால் அவருக்கு 100 சதவீதம் ஏறியது. பெரிய வீட்டில் இருப்பவர் எல்லாம் வசதியானவர் என்று அந்த அட்டவணை நினைத்துக்கொள்கிறது. இப்படி இருப்பவர்களுக்கு ஒரு சலுகை வேண்டும் என்று மாமன்றத்தில் யாராவது விடாமல் பேச வேண்டும்.

டேப்பை எடுங்கள், வீட்டை அளங்கள்

இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வரி விகிதத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஏட்டில் இருக்கும் அளவு தப்பாக இருந்தால் திருத்த முடியும்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஊர் மாறியவன் நான். வேறோர் ஊரில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. 1,150 சதுர அடி. முன்பக்கம் வண்டி நிறுத்த 12 அடிக்கு 6 அடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தோம். அதைப் பிரித்து எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏட்டில் மட்டும் அது கான்கிரீட் கட்டடமாக அப்படியே நின்றது. 72 சதுர அடி சேர்ந்து மொத்தம் 1,222. அந்த 22 அடி 1,200-ஐத் தாண்டியதால் 50 சதவீதத்துக்குப் பதில் 75 சதவீதம் விழுந்தது. அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். வாயால் சொன்ன வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது தடவை, வெள்ளைத் தாளில் வீட்டின் வரைபடம் போட்டு, நான்கு பக்கமும் அளவு எழுதி, கொட்டகை இருந்த இடத்தின் படத்தை ஒட்டி, மனுவாகக் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்கினேன். அப்புறம்தான் ஒருவர் வந்து அளந்தார். அடுத்த அரையாண்டில் தொகை சரியானது. பேச்சுக்கு இல்லாத மரியாதை தாளுக்கு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அளப்பது பெரிய வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறும் முன், இரண்டு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளிச் சுவரில் இருந்து வெளிச் சுவர் வரை நீளம், அகலம். ஒவ்வொரு மாடிக்கும் தனியாக. மாடிப்படி மேல் உள்ள சிறு அறை, பால்கனி, சிட் அவுட், ஷீட் போட்ட இடம் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். அதன் பக்கத்தில் கூரை வகையையும் எழுதுங்கள்: கான்கிரீட், ஓடு, ஷீட். வீடு கட்டிய ஆண்டையும் குறியுங்கள். தெருவின் வகை, கட்டடத்தின் வகை, வயது, பயன்பாடு ஆகியவை எல்லாம் மதிப்பீட்டில் சேரும். பிறகு உங்கள் பெயரில் உள்ள வரிவிதிப்பு விவரத்தில் என்ன அளவு பதிவாகியிருக்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது பயன்பாட்டை நன்றாகக் கவனியுங்கள். கீழே ஒரு ஜெராக்ஸ் கடையோ தையல் கடையோ இருந்தால் அந்தப் பகுதிக்கு வணிகக் கணக்குப் போடுவார்கள். அது நியாயம்தான். ஆனால் கடையைக் காலி செய்து மகன் குடும்பம் அங்கே குடியேறிய பிறகும் வணிகம் என்றே தொடர்வது உண்டு. மனுக் கொடுத்தால்தான் மாறும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மேல்மாடி கட்டிவிட்டு ஏட்டில் சேர்க்காமல் இருந்தால், என்றாவது ஒரு நாள் அளக்க வருவார்கள், பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். நாமாகவே சொல்லிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் ஒழுங்காகக் கட்டும்போது நாம் மறைத்தால், அந்தப் பாரம் அவர் தலையில்தான் ஏறும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆயிரமோ ரெண்டாயிரமோ கொடுங்க, வரியைக் குறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மதுரை மாநகராட்சியில் அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் பதிந்தார்கள் என்ற புகார் காவல் துறைக்குப் போனது. 2025-ல் அது பெரிதாக வெடித்தது. பலர் கைதானார்கள். ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது வயிறு எரிந்தது. குறைத்துப் பதியப்பட்ட கட்டடங்களை மறுபடி அளந்து மீதியைக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைக்குக் காசு வாங்கியவர் உங்களோடு வந்து நிற்க மாட்டார்.

அளவு தப்பு என்றால்

மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பெறுநர்: மண்டல உதவி ஆணையர். வரிவிதிப்பு எண், வார்டு எண், முகவரி, கைப்பேசி எண். "ஏட்டில் உள்ள அளவு இவ்வளவு, உண்மை அளவு இவ்வளவு, நேரில் அளந்து திருத்தித் தரக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். கோபத்தை மனுவில் எழுத வேண்டாம். வரைபடம், படம், பத்திர நகல், கடைசி ரசீது ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து ஒப்புகையோடு அனுப்புங்கள்.

வரி உயர்வு அறிவிப்பு வந்திருந்தால், அதில் ஆட்சேபத்துக்கான கெடு போட்டிருக்கும். அந்தக் கெடுவுக்குள் மறுசீராய்வு மனுக் கொடுக்க வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால் மாமன்றத்தின் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. மேல்முறையீடு போகும்போது வரியைக் கட்டியிருக்க வேண்டும். "கேஸ் நடக்குது, அதனால கட்டல" என்று விட்டால் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

வார்டில் வரி வசூலிப்பவரை மக்கள் பில் கலெக்டர் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் பேசிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறு பிழைகள் அவர் அளவிலேயே தீரும். தீராதபோது மண்டல அலுவலகம், அதற்கு மேல் மாநகராட்சி நடத்தும் குறைதீர் முகாம். எந்த மண்டலத்தில் எந்த நாள் என்று நாளிதழின் மதுரைப் பக்கத்தில் வரும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனுக் கொடுக்கலாம், அங்கிருந்து மாநகராட்சிக்கே திருப்பி அனுப்புவார்கள் என்றாலும் ஒரு பதிவு எண் கிடைக்கும்.

கட்டுவது

இது சுலபம். அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. தம்பியின் 1,272 ரூபாயில் 63 ரூபாய் மிச்சம். ஒரு லிட்டர் பாலுக்கு ஆகும். கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி. டிஎன் அர்பன் இ-பே என்ற அரசுத் தளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டுக் கட்டலாம். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்திக் கட்டாதீர்கள். நேரில் கட்ட விரும்பினால் கணினி வசூல் மையங்கள் இருக்கின்றன. மார்ச் கடைசியில் அங்கே கூட்டம் தாங்காது. பணம் போய் ரசீது வராவிட்டால், மறுபடி கட்டாமல் ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சொத்து வரி வீட்டு உரிமையாளர் கட்ட வேண்டியது. குடிநீருக்கும் குப்பைக்கும் ஆகும் கட்டணத்தை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டிய காசு எங்கே போகிறது?

காலை ஆறு மணிக்கு விசில் சத்தம் கேட்கிறதே, அங்கே போகிறது. குப்பை வாங்க வரும் அந்த அக்காவின் கூலியும், பேட்டரி வண்டியும், அவனியாபுரம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போகும் லாரியின் டீசலும் இதில்தான். தெருவிளக்கின் மின்கட்டணம், கொசு மருந்து அடிப்பவர்களின் சம்பளம், நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையம், தத்தனேரி மின்மயானம், எல்லாமே மாநகராட்சியின் பொறுப்பு. மாநகராட்சிப் பள்ளிகளும் அப்படித்தான். ஔவை, வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைபாடினியார் என்று சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர்களைப் பெண்கள் பள்ளிகளுக்கு வைத்திருக்கும் ஊர் இது. அந்தப் பள்ளிகளில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்கும் உரிமை, பிள்ளையை அங்கே சேர்க்காதவருக்கும் உண்டு.

ஆனால் நம் வரி மட்டும் வைத்து மாநகராட்சி ஓடவில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வருகிறது. ஒன்றிய நிதிக்குழு மானியம் வருகிறது. நீங்கள் பத்திரம் பதிந்தபோது கட்டிய முத்திரைத் தீர்வையிலும், சொத்து மதிப்பில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கான கூடுதல் தீர்வைதான். சம்பளக்காரர்களும் கடைக்காரர்களும் கட்டும் தொழில் வரி இருக்கிறது, ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு வைத்திருக்கிறது. மாநகராட்சிக் கடைகளின் வாடகையும் சேரும். பெரிய வேலைகளுக்கு இதெல்லாம் போதாது. தேனி மாவட்டம் லோயர் கேம்பில் இருந்து நாளுக்கு 12.5 கோடி லிட்டர் தண்ணீரை மதுரைக்குக் கொண்டுவரும் முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டம் போன்றவை ஒன்றிய, மாநில அரசுப் பணமும் கடனும் கலந்துதான் நடக்கும். கடனை அடைக்கவும், குழாயைப் பராமரிக்கவும் பின்னால் வீட்டுக் கட்டணம் ஏறும். புதுக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டும்போதே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எது மாநகராட்சியின் வேலை இல்லை என்பதும் தெரிய வேண்டும். நத்தம் சாலைப் பறக்கும் பாலம் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கட்டியது. கோரிப்பாளையம் மேம்பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை. மின்சாரம் மின்வாரியம். ரேஷன் கடை வேறு துறை. தப்பான கதவைத் தட்டி நாளைக் கழிப்பவர்கள் புதிதாக வந்தவர்களில் நிறையப் பேர்.

ரசீதை வைத்துக் கேளுங்கள்

1992-ல் கொண்டுவந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம் பெரிய நகர உள்ளாட்சிகளுக்கு வார்டுக் குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டுக் குழுவுக்கும், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக்கும் 2022-ல்தான் விதி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், முதல் முறையாகப் பகுதி சபைகள் கூடின. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே வரவு செலவு வாசிப்பார்கள். உட்கார்ந்து கேளுங்கள், புரியாததைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். நகரத்தில் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். கூடவில்லை என்றால் ஏன் கூடவில்லை என்று கேளுங்கள்.

கேட்கும்போது "எங்க தெருவுக்கு ஒண்ணுமே செய்யல" என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான பதில்தான் வரும். எத்தனையாவது மின்கம்பத்தில் விளக்கு எரியவில்லை, கம்பத்தின் எண் என்ன, எத்தனை நாளாக, முன்பு கொடுத்த புகாரின் எண் என்ன என்று எழுதிக்கொண்டு போங்கள். கணக்கு வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "எங்கள் வார்டில் போன நிதியாண்டில் வசூலான சொத்து வரி எவ்வளவு, எங்கள் வார்டில் செய்த வேலைகள் எவை, ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு?" இந்த மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

அந்தத் தம்பி இப்போது ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி வைத்திருக்கிறார். அதில் பத்திர நகல், பெயர் மாற்ற உத்தரவு, அவர் கையால் வரைந்த வீட்டு வரைபடம், ரசீதுகள் எல்லாம் தேதி வரிசையில் இருக்கின்றன. கடைசித் தாளில் எங்கள் தெருவின் மின்கம்ப எண்களை எழுதியிருக்கிறார். மொத்தம் பதினொன்று. அதில் நான்காவதும் ஒன்பதாவதும் எரியவில்லை. அடுத்த பகுதி சபைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம்.